பேரு வேணாம், ஊர் பேரைப் போடு

ஒன்பது வாரத்துக்குப் பிறகு நேற்று வேலைக்குப் போனேன். என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் துருவிக் கேட்காமல் விட்டதற்கே ஒரு தனி நன்றி.

அடுத்தவர் மனச்சோர்வை அளப்பது என் தொழில். குடியிருக்கும் இடம், கூலி, கடன், சாதி எல்லாம் மனநலத்தை என்ன செய்கின்றன என்று பன்னிரண்டு வருடமாக ஆய்வு செய்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு என் நிலைமை தெரியவில்லை. கண்டுபிடித்தவர், சென்னைக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரில் எங்கள் கணக்கெடுப்புக்குப் பதில் சொன்ன ஓர் அக்கா.

அன்று அவர் பிளாக்கின் படிக்கட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்தவர் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னா மேடம், ரெண்டு வாரமா தூக்கம் எப்டி?" என்றார். மூன்று மாதத்துக்கு முன் நான் அவரிடம் கேட்ட கேள்வி அது! பி.எச்.க்யூ-9 என்று மனச்சோர்வை அளக்கும் ஒரு படிவம். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 10 வந்துவிட்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வோம். அவருக்கு வரிசைதான் மாறியது, முதல் எட்டுக் கேள்வியில் ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஒன்பதாவது, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்பது. "அத்த நான் கேக்கல. நீயே சொல்லு கண்ணு."

மேடம் கண்ணு ஆனது அப்போதுதான். சொன்னேன்.

எங்கே போகணும் என்று கேட்டார். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு நானே எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். 1794இல் தொடங்கிய நிறுவனம். எனக்கென்று வந்தபோது அந்தப் பெயர் வாயில் வரவில்லை. சென்னையில் அந்த ஊர்ப் பெயரே வசவுதானே. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் கதையைச் சொன்னார். மயிலாப்பூர்ப் பக்கம் கால்வாய்க் கரையில் இருந்தவர்களை இங்கே கொண்டுவந்து விட்ட பிறகு, வீட்டு வேலை கேட்கப் போனால் 'கண்ணகி நகரா?' என்று கதவைச் சாத்துவார்களாம். அதனால் துரைப்பாக்கம் என்று சொல்லப் பழகிக்கொண்டார். (பொய் ஒன்றும் இல்லை. கண்ணகி நகர் ஒக்கியம் துரைப்பாக்கத்தில்தான் இருக்கிறது.) "நான் ஒரு ஊர் பேர மறைக்கிறேன், நீ ஒண்ண மறைக்கிற. பஸ் போவுதுல்ல? வா."

மறுநாள் காலை மூன்று வீட்டு வேலையையும் விட்டுவிட்டு வந்தார். பெண்களுக்குக் கட்டணமில்லாத பிங்க் பஸ்ஸுக்குத்தான் காத்திருப்பேன் என்று பிடிவாதம். இரண்டு பஸ் மாறினோம். சீட்டு வாங்கும் வரிசையில் எனக்காக நின்றார். மருத்துவரிடம் நான் பேசும்போது வெளியே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் அந்த நாளுக்கான சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பணத்தைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். மறுத்திருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

விக்ரம் படேலும் ஆர்தர் கிளைன்மனும் 2003இல் எழுதிய கட்டுரை ஒன்றை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஏழைகளின் மனநலம் கெடுவதற்கு நிச்சயமில்லாத வாழ்க்கை, நம்பிக்கை இழப்பு, வேகமாக மாறிவிடும் சூழல், வன்முறை, உடல்நோய் ஆகியவை காரணமாக இருக்கலாம் என்பார்கள். நடத்தினேன், சரி. எனக்கு நோய் வந்தபோது ஒன்பது வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதே நோய் அக்காவுக்கு வந்தால் ஒரு காலைப் பொழுதுக்கே பிடித்தம். (படிவத்தில் அவர் எத்தனை வாங்கினார் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.) மருத்துவரைப் பார்க்கப் போனால் எவ்வளவு கூலி போகும் என்று எங்கள் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை. அடுத்த சுற்றில் இருக்கும், நிச்சயம்.

பாதியில் நின்ற பிளாக்குகளின் கணக்கெடுப்பை வெயிலில் அலைந்து முடித்த களப்பணித் தோழிகளுக்கும், இரவெல்லாம் கூடவே படுத்துக்கொண்ட தங்கைக்கும், என் வகுப்புகளை எடுத்த சக ஆசிரியருக்கும், நடுராத்திரியில் 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் நிதானமாகப் பேசிய குரலுக்கும், ரசம் அனுப்பிக்கொண்டே இருந்த மாடிவீட்டு மாமிக்கும் நன்றி. மாமி, டப்பாக்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இதையெல்லாம் எழுதலாமா என்று போன வாரம் அக்காவிடம் போய்க் கேட்டேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று முதலில் விசாரித்தார். பிறகு, "பேரு வேணாம். ஊர் பேரைப் போடு. துரைப்பாக்கம்னு போட்றாத" என்றார்.

கண்ணகி நகர் என்றே போட்டிருக்கிறேன், அக்கா.