விடையைச் சொல்வதற்கு முன்: குறுவள மையப் பயிற்சிகளைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கல்வி அலுவலர்களுக்கும் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் குறுவள மையக் கருத்தாளர்களுக்கும் வணக்கம்.

பென்னாகரம் வட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை நான். கற்றலில் பிள்ளைகளுக்கு ஆர்வம் எப்படி உண்டாகிறது என்பது பற்றி மூளை அறிவியல் கண்டறிந்தவற்றில் உறுதியான சிலவற்றுக்கு, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையங்களில் இனி நடக்கவிருக்கும் பணியிடைப் பயிற்சிகளில் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். "இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லை" என்ற பேச்சு ஆசிரியர் அறையிலும் தேர்ச்சி விழுக்காடு பற்றிய ஆய்வுக் கூட்டங்களிலும் ஓயாமல் ஒலிக்கிறது. அதற்கு நாம் தேடும் மருந்து பெரும்பாலும் பரிசு, இல்லாவிட்டால் கண்டிப்பு. பாடவேளைக்குள் அந்தப் பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கிறது என்ற கேள்விக்குள் நாம் போவதே இல்லை.

1990களில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்னும் நரம்பியல் அறிஞர் குரங்குகளின் நடுமூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் துடித்தெழுந்தன. ஒரு விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்டதும், சாறு வந்த நேரத்தில் அவை சலனமின்றி இருந்தன. விளக்கு எரிந்த கணத்திலேயே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது வழக்கமான துடிப்பும் அடங்கியது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே இந்த அணுக்கள் அறிவிக்கின்றன என்று 1997ஆம் ஆண்டு அவர் பீட்டர் டயன், ரீட் மாண்டேக் ஆகியோருடன் சேர்ந்து விளக்கினார். டோபமைனை 'இன்பம் தரும் வேதிப்பொருள்' என்று சொல்லிக் கடந்துபோவது நம் பயிற்சிகளில் வழக்கமாகிவிட்டது. கற்பிப்பவருக்குத் தேவையான செய்தியோ வேறு: மூளை ஒன்றை எதிர்பார்த்து, அந்த எதிர்பார்ப்பு பிசகும்போதுதான் கற்றலுக்கான கதவு அகலத் திறக்கிறது.

குரங்கின் மூளையில் கண்டதை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுவந்துவிட முடியாது என்பதை அறிவேன். ஆனால் மனிதரிடமும் இதற்கு நெருங்கிய சான்று உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் குரூபரும் உடன் ஆய்வாளர்களும் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களிடம் பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டு, விடை வரும்வரை சில நொடிகள் காக்க வைத்தார்கள். அந்த இடைவெளியில் அறிமுகமற்ற ஒரு முகத்தின் படத்தையும் காட்டினார்கள். விடையை அறியும் ஆவல் மிகுந்திருந்தபோது விடை நன்றாக நினைவில் நின்றது. கேள்விக்குச் சற்றும் தொடர்பில்லாத அந்த முகங்களும் கூடுதலாக நினைவில் தங்கின. ஆவல் எழுந்த நேரத்தில் டோபமைன் பாதையும் நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸும் சேர்ந்து இயங்குவதை மூளைப் படங்கள் காட்டின. விடைக்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான் மூளை கற்கத் தயாராகிறது. நாமோ பாடப்பகுதியை முடிக்கும் அவசரத்தில் அந்தக் காத்திருப்பைத்தான் முதலில் வெட்டிவிடுகிறோம்.

ஒன்பதாம் வகுப்பில் மிதத்தல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு விளக்கத் தொடங்கினால், வகுப்பில் பாதிப் பேர் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஜூன் மாதத்தில் நம் பகுதியில் மாங்காய்க்குப் பஞ்சமில்லை. ஒரு வாளித் தண்ணீரையும் சில பெங்களூரா காய்களையும் மேசைமேல் வைத்து, எது மிதக்கும், எது மூழ்கும், ஏன் என்று ஒவ்வொருவரும் முதலில் நோட்டில் எழுத வேண்டும் என்றேன். கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும், பருவக் காலத்தில் மண்டிக்கு வேலைக்குப் போகும் ஒரு மாணவன் எழுந்து வந்து, காய்களைக் கையில் எடுத்து, காம்படியில் தோள் எழும்பியிருக்கிறதா என்று பெருவிரலால் தடவிப் பார்த்தான். முற்றிய காய் என்று இரண்டைத் தனியே வைத்தான். முன்வரிசையில் இருந்தவர்கள், பெரிய காய்தான் மூழ்கும் என்று எழுதியிருந்தார்கள். அவன் எடுத்து வைத்த சிறிய காய் மூழ்கியது. அதைவிடப் பெரிதான பிஞ்சுக்காய் மிதந்தது. "எப்படி டீச்சர்?" என்று கேட்டது முன்வரிசைதான். அடர்த்தி என்ற சொல்லை அதன் பிறகுதான் எழுதினேன். எழுதும்போதே வகுப்பில் பலருக்கு அது தேவைப்பட்டிருந்தது.

இதற்கு ஆய்வகமோ திறன் பலகையோ வேண்டியதில்லை. வேண்டியது ஊகிக்க ஐந்து நிமிடமும், அந்த ஊகம் தவறினால் மதிப்பெண் குறையாது என்ற உறுதியும்தான். பயிற்சியில் ஆசிரியர்கள் தங்கள் அடுத்த வாரப் பாடங்களுக்கு இத்தகைய ஊகக் கேள்விகளை உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். வெறும் சொற்பொழிவாகக் கேட்டுவிட்டுப் போவதில் பயனில்லை.

பரிசுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1973ஆம் ஆண்டு உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும், படம் வரைவதை விரும்பிய மழலையர் சிலரிடம், வரைந்தால் அழகிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்து, அந்தக் குழந்தைகள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரெனப் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. ஏற்கெனவே விருப்பமுள்ள வேலைக்கு விலை பேசினால் விருப்பம் தேய்கிறது என்பதே இதன் பொருள். அறவே விருப்பமில்லாத ஒரு வேலையைத் தொடங்கி வைக்கப் பரிசு உதவக்கூடும். எனவே பரிசுத் திட்டங்களை ஒழிக்கச் சொல்லவில்லை. அவற்றை எல்லாப் பாடங்களுக்கும் எல்லா மாணவருக்கும் பொது மருந்தாக ஆக்க வேண்டாம் என்கிறேன்.

அச்சத்தின் கேடு இதைவிடப் பெரிது. கட்டுக்கு மீறிய மன அழுத்தத்தில், சிந்தனையை ஒழுங்குபடுத்தும் முன்நெற்றிப் புறணி என்னும் மூளைப் பகுதியின் செயல்பாடு தளர்ந்துவிடுகிறது என்பதை நரம்பியல் அறிஞர் ஏமி ஆர்ன்ஸ்டன் போன்றோரின் நெடுங்கால ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. அந்தப் புறணியோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும் பகுதி. பத்தாம் வகுப்பில் மெல்லக் கற்போர் பட்டியலைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிப்பதையும், அவர்களைத் தனி வரிசையில் உட்கார வைத்துப் பிறர் பார்க்கும்படி சிறப்பு வகுப்பு நடத்துவதையும் நான் பார்த்திருக்கிறேன். கூடுதல் உதவி அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தேவை. ஆனால் எந்தப் புறணியைக் கொண்டு அவர்கள் கணக்குப் போட வேண்டுமோ அதை முடக்கிவிட்டுக் கூடுதலாக ஒரு மணி நேரம் கற்பிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? பட்டியல் ஆசிரியரின் கையோடு இருக்கட்டும்.

சிறுதேர்வுகளுக்கும் இது பொருந்தும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006ஆம் ஆண்டு செய்த ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, புத்தகத்தை மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நினைவுகூர்தலே ஒரு கற்றல். ஆனால் நம் பள்ளிகளில் சிறுதேர்வு என்றால் மதிப்பெண், பதிவேடு, பெற்றோர் கையொப்பம் என்று ஆகிவிட்டது. வாரம் ஒருமுறை, எங்கும் பதியப்படாத, மாணவரே திருத்திக்கொள்ளும் ஐந்து கேள்விகளுக்கு அனுமதி கொடுங்கள். நேற்று தெரியாதது இன்று தெரிகிறது என்பதைத் தன் கையாலேயே திருத்திப் பார்க்கும் பிள்ளைக்கு வேறு ஊக்க உரை தேவைப்படாது.

நம் இரு மாவட்டங்களுக்கே உரிய ஒன்றும் உண்டு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் தெலுங்கோ கன்னடமோ வீட்டு மொழியாக உள்ள பிள்ளைகள் பலர் தமிழ்வழி வகுப்பில் அமர்கிறார்கள். ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொள்ளக் கூடியவை நான்கு அளவில்தான் என்பது உளவியலாளர் நெல்சன் கோவனின் கணிப்பு. சொல்லைத் தேடுவதிலேயே அந்த இடம் நிரம்பிவிட்டால், கேள்வியைப் பற்றி நினைக்க மிச்சம் என்ன இருக்கும்? ஊகத்தை வீட்டு மொழியில் சொல்லட்டும். விடையைத் தமிழில் எழுதட்டும்.

தயவுசெய்து ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள். இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்றும், பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்றும் மாணவரைப் பிரிக்கும் பாடங்கள் மூளை அறிவியல் என்ற பெயரிலேயே பயிற்சிக் கூடங்களுக்குள் வந்துவிடுகின்றன. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் ஆசிரியர்களிடம் எடுத்து 2012இல் வெளியான ஆய்வில், கற்றல் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நம்பினார்கள். அதற்குப் போதிய சான்றில்லை என்று உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லர் குழு 2008ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. பலகை நிறையப் படம் காட்டுவது நல்லதுதான், எல்லாப் பிள்ளைகளுக்கும்.

பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கும், ஒன்பதாம் வகுப்போடு திருமணப் பேச்சு தொடங்கிவிடும் பெண்ணுக்கும் பாடவேளை மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. அவற்றுக்கு வேறு துறைகளும் வேறு மனிதர்களும் வேண்டும். ஆனால் அந்தப் பெண் வகுப்பில் இருக்கும் நேரம் முழுவதும் நம் பொறுப்பில் உள்ளது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த குறுவள மையப் பயிற்சியில் ஒரு முற்பகலை, பாடவாரியாக ஊகக் கேள்விகளை உருவாக்குவதற்கு மட்டும் ஒதுக்குங்கள். பதிவேட்டில் ஏறாத வாரச் சிறுதேர்வுக்கு எழுத்து வடிவில் அனுமதி தாருங்கள். வாய்மொழி அனுமதி ஆய்வு நாளில் செல்லாது. மெல்லக் கற்போர் பட்டியலைப் பொது இடத்தில் வாசிக்கலாகாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஒரு பருவம் நடத்திப் பார்த்தபின், என்ன கண்டோம் என்று ஆசிரியர்கள் பேசுவதைக் கேட்க நீங்களும் வந்து அமருங்கள். எங்கள் பள்ளியில் அந்தக் கூட்டத்தை நடத்த நான் பொறுப்பேற்கிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருவர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.