உப்பு வயலுக்கும் மூழ்கும் வயலுக்கும் ஒரே நெல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த மரபணு திருத்திய இரு நெல் ரகங்களில் ஒன்றான பூசா டிஎஸ்டி 1, உப்பையும் வறட்சியையும் தாங்குவதற்காக உருவானது. டிஎஸ்டி மரபணுவை முடக்கினால் இலைத்துளைகள் குறைகின்றன, நீரிழப்பும் குறைகிறது. உப்பு ஏறிய வேதாரண்யம், தலைஞாயிறு வயல்களுக்கு இது பெரிய செய்திதான். ஆனால் தாய் ரகம் எம்டியு 1010, சுமார் 120 நாள் பயிர். குறுவை அறுவடைக்குப் பின் நடும் தாளடிக்குப் பார்க்கலாம், 150 நாள் சம்பாவுக்குப் பொருந்தாது.

ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் காப்பது சப்1 என்ற வேறு மரபணு. மூழ்கிய பயிர் மேலே எட்டிப் பார்க்க நீண்டு வளர்ந்தால் சேமித்த மாவுச்சத்து தீர்ந்து சாகும். சப்1 அந்த வளர்ச்சியை அடக்குகிறது. இந்த மரபணு சேர்த்த சம்பா ரகமான சி.ஆர். 1009 சப்1, மூழ்கியபடி இரண்டு வாரம் வரை தாங்குவது இதனால்தான். ஆனால் முளைக்கும் விதை நீரில் நின்றால் சப்1 அதைக் காக்காது. நீர் வடிந்ததும் யூரியா தூவக்கூடாது. புது இலை வரட்டும்.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சி.ஆர். 1009 சப்1 ரகத்திலேயே டிஎஸ்டி திருத்தத்தைச் செய்து, மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டிய விவசாயிகளின் வயல்களில் இரண்டு சம்பா பருவங்களாவது சோதிக்க வேண்டும். விளைச்சல் விவரங்களை ஊர்வாரியாக வெளியிட வேண்டும்.

— வேளாண் பட்டதாரிகள் சிலர், திருத்துறைப்பூண்டி