என் சத்தத்தோடு என்னை இருக்கவிட்டவர்களுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களே,

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்துவிட்டது. ஏழு ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்த நன்றியை இப்போது எழுதுகிறேன். எனக்கு டூரெட் சிண்ட்ரோம் என்னும் நரம்பியல் நிலை உண்டு. 9 வயதில் கண் சிமிட்டலாகத் தொடங்கிய அது, பின்னர் கழுத்தை வெட்டி இழுப்பதாகவும், தொண்டையிலிருந்து கீச்சென்று எழும் சத்தமாகவும் வளர்ந்தது.

முதல் நன்றி என்னைப் பரிசோதித்த வைத்தியருக்கு. இது பிள்ளையின் குறும்பும் அல்ல, தாயின் வளர்ப்புக் குறையும் அல்ல என்று அவர் சொன்னபோதுதான், இரண்டு ஆண்டுகளாக அம்மா எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கியது. 1885 ஆம் ஆண்டில் ஜில் த லா டூரெட் என்ற பிரெஞ்சு வைத்தியர் இத்தகைய 9 நோயாளரைப் பற்றி எழுதியதையும், பலருக்கு 10 முதல் 12 வயதில் கடுமையாகும் இந்த அசைவுகள் பதின்பருவத்தின் இறுதியில் தணிவதையும் அவர் என்னிடமே நேரடியாக, பெரியவர்களுக்குச் சொல்வதுபோல விளக்கினார். கெட்ட வார்த்தைகள் தாமாக வாயில் வருவது மிகச் சிலருக்கு மட்டுமே என்று அவர் சொன்ன இரவில்தான் நான் நிம்மதியாக உறங்கினேன்.

அம்மம்மாவுக்கு நன்றி. நாவூறு என்று நம்பி என் கையில் நூல் கட்டியவர் அவர். வைத்தியர் சொன்னதைக் கேட்ட பிறகு, கல்யாண வீட்டில் என்னைத் திரும்பிப் பார்த்த உறவினரிடம் "அது அவளுடைய நரம்பு செய்வது, நீங்கள் சாப்பிடுங்கோ" என்று சொன்னவரும் அவரே.

சத்தத்தைக் காரணம் காட்டி ஒரு தனியார் வகுப்பு என்னை நிறுத்தியது. அதன் பெயரை எழுத நான் விரும்பவில்லை. அந்த வாரமே தம் வீட்டு விறாந்தையில் எனக்கு இடம் தந்த கணித ஆசிரியையின் கைகளைப் பற்றிக்கொள்ள விரும்புகிறேன்.

தும்மலுக்கு முன் மூக்கில் ஏற்படும் உறுத்தலைப் போன்ற ஒன்று ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் எழும். சற்று நேரம் அடக்கலாம்; ஆனால் அடக்குவதிலேயே மனம் முழுவதும் செலவாகிவிடும், கேள்வியை வாசிக்க எதுவும் மிஞ்சாது. "கொஞ்சம் அடக்கு" என்று அன்போடு சொன்னவர்களுக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை. உறுத்தல் எழும்போது மூக்கால் மெதுவாக மூச்சுவிடவும், முகவாயைத் தாழ்த்திக் கழுத்தை இறுக்கி வைத்திருக்கவும் உளவியலாளர் பழக்கினார். அது உதவியது, எல்லா நாளும் அல்ல.

ஆகவே என் மிகப் பெரிய நன்றி, பரீட்சை மண்டபத்தில் என்னைச் சூழ அமர்ந்த நான்கு தோழியருக்கு. முதல் நாள் காலை வாசலில் என்னை நிறுத்தி, "உன்னுடைய சத்தம் எங்களுக்குப் பழக்கம், எங்களுக்காக அடக்கிக்கொண்டு எழுதாதே" என்றீர்கள். கணிதம் இரண்டாம் வினாத்தாள் முடிந்து வெளியே வந்தபோது, வெகுநேரம் சத்தமே வரவில்லையே, அடக்கினாயா என்று கவலையோடு கேட்டீர்கள். நான் அடக்கவில்லை. கேத்திர கணிதத்தில் மூழ்கி, அதை மறந்தே போயிருந்தேன்.

நன்றியுடன்,
உங்கள் தோழி