அம்மாவின்ரை ஜெனரேற்றரும் 470 ரூபா பெற்றோலும்

மச்சான்,

எப்பிடி இருக்கிறாய், பிள்ளையள் சுகமோ? ஸ்காபறோவில ஸ்னோ கொட்டத் தொடங்கீட்டுது எண்டு போட்டோவில பாத்தன். இஞ்சை கார்த்திகை மழை, கொக்குவில் ஒழுங்கை முழுக்க வெள்ளம், போன கிழமை ரெண்டு நாளாக் கரண்டும் இல்லை. நீ எடுக்க எடுக்க உன்ரை அம்மாவின்ரை போன் வேலை செய்யாமல் விட்டது அதாலதான், பயந்திருப்பாய். ரெண்டாம் நாள் பின்னேரம் ஆள் விட்டுக் கூப்பிட்டவ, "தம்பி, அவன் வாங்கித் தந்த ஜெனரேற்றர் மிசின் செத்துப்போச்சு, ஒருக்கா வந்து பார்" எண்டு.

நான் போக முதலே முன்வீட்டுப் பெடியன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறான். அந்தாள் பிளக்கைக் கழட்டி இழுத்துப் பாத்திட்டு, நெருப்பு வரேல்லை, பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற கொயில் எரிஞ்சுபோச்சு, புதுசு போடோணும் எண்டு ஒரு விலையும் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார். எனக்கு அது மனசுக்குப் பிடிக்கேல்லை. சீலையால மூடிச் சும்மா கிடந்த மிசினில கொயில் எப்பிடியடா எரியும்? ஒயில் மூடியைத் திறந்து குச்சியைப் பாத்தன், ஒட்டவேயில்லை. இந்தச் சின்ன மிசினுகளுக்கு ஒயில் குறைஞ்சால் எஞ்சின் பிடிச்சுப்போகாமல் உள்ளுக்கை ஒரு மிதவை சுவிச் வைச்சிருக்கிறாங்கள், அது பிளக்குக்குப் போற கரண்டை வெட்டிப்போடும், பேந்து கை கழர இழுத்தாலும் ஒண்டும் வராது, சரிவான இடத்தில வைச்சாலும் இதே கூத்துத்தான். 600 மில்லி பிடிக்கிற இடத்தில பாதிகூட இல்லை. ஊத்தினன், பிளக்கை எஞ்சின்ரை உடம்போட முட்டப் பிடிச்சு இழுத்தன், நல்ல நீல நெருப்பு. கொயில்காரர் காசு மிச்சம்.

ஆனா ஸ்டார்ட் வரேல்லை. பெற்றோல் வால்வைத் திறந்து, சோக் போட்டு, இருவது தரம் இழுத்திருப்பன், தோள்மூட்டு போச்சு. பேந்து பிளக்கைக் கழட்டிப் பாத்தால் காஞ்சபடி கிடக்கு. அவ்வளவு இழுத்த பிறகும் பிளக் நனையேல்லை எண்டால் உள்ளுக்கை பெற்றோலே போகேல்லை. ஒரு தேக்கரண்டி புதுப் பெற்றோலை பிளக் ஓட்டைக்குள்ள விட்டு இறுக்கி இழுக்க, ரெண்டு செக்கன் படபடத்திட்டு நிண்டிட்டுது. சரி, எஞ்சின் நல்லாயிருக்கு, பிழை பெற்றோலைக் காத்தோட கலந்து எஞ்சினுக்கு விடுற காபரேட்டரிலதான்.

டாங்க் மூடியைத் திறந்தால் பெற்றோல் மணமே இல்லை மச்சான், பழைய வார்னிஷ் மணம். "அம்மா, இது எப்ப ஊத்தினது?" எண்டன். அவ வேலிப்பக்கம் பாத்துக்கொண்டு சொல்லுறா, "அது நீ ஊத்தினதுதானே தம்பி, 470 ரூபா வித்த நேரம்."

2022! 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டி அலைக்கழிச்ச வருசம். பெற்றோல் செட்டில கானுக்கு அடிக்கமாட்டன் எண்டு நிண்ட காலம், என்ரை மோட்டர் சைக்கிள் டாங்கில இருந்து ரியூப் போட்டு வாயால இழுத்து ஊத்தினது நான்தான். பேந்து கரண்ட் வழமைக்கு வர, ஒருக்கா அதை வெளியில எடுத்துவிடுவம் எண்டு நானும் சொன்னனான், அவ விடேல்லை. அவவைப் பிழை சொல்லேலாது. பெற்றோலுக்குத் தடை இருந்த 90களில ஒரு சின்னப் போத்தல் பெற்றோலை நாங்கள் எப்பிடி வைச்சிருந்தம், நினைவிருக்கோ? மண்ணெண்ணெயில ஓடுற மோட்டர் சைக்கிளை ஸ்டார்ட் பண்ண காபரேட்டருக்கு நாலு துளி விடுறதுக்கு எண்டே, உன்ரை அப்பா அலுமாரிக்கை நகையோட பூட்டி வைச்சவர். அந்த வீட்டில இருந்த மனிசி 470 ரூபா சாமானை நிலத்தில ஊத்த விடுமோ?

ஆனா பெற்றோலுக்கு உது விளங்காதே. நாலைஞ்சு மாசம் கிடந்தாலே பழுதாகத் தொடங்கீடும், லேசான பகுதி ஆவியாப் போக மிச்சம் பிசினாகிப்போம். காபரேட்டர் கிண்ணத்தைக் கழட்டினன், அடியில தேன் மாதிரி மஞ்சளா ஒட்டிக்கொண்டு கிடக்கு. பெற்றோல் போற சின்ன ஓட்டையுள்ள மெயின் ஜெட்டைக் கழட்டி வெளிச்சத்துக்குப் பிடிச்சால் ஓட்டையே தெரியேல்லை. ஸ்ரான்லி றோட்டில காபரேட்டர் கிளீனர் வாங்கிவந்து அடிச்சு ஊறவிட்டு, வயரில இருந்து ஒரு இழை செம்புக் கம்பி எடுத்து மெல்ல விட்டன். ஊசி, துளைக் கருவி ஒண்டும் விடக்கூடாது, அது பித்தளை, ஓட்டை பெருத்தால் பெற்றோல் கூடிப்போய்க் கரும்புகை தள்ளும். டாங்கைக் காலியாக்கிப் புதுசு ஊத்தி, மூண்டாவது இழுவையில வந்திட்டுது. அம்மா கை தட்டினவ.

மழை எண்டு குசினி வாசலுக்கு இழுத்து வைக்கச் சொன்னவ, நான் மறுத்துப்போட்டன். புகையில இருக்கிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோகும். கிணத்தடிக்கு அங்காலை தகரம் கட்டி வைச்சிருக்கிறன். வீட்டு பிளக்கில குத்தி லைன் குடுக்கவும் விடேல்லை, வயர் இழுத்து தண்ணி டாங்க் மோட்டரும் ஒரு லைற்றும் மட்டும்.

இனி மாசம் ஒருக்கா வந்து பத்து நிமிசம் ஓடவிட்டு, பெற்றோல் வால்வைப் பூட்டி, தானா நிக்கும் வரைக்கும் விடுவன், அப்ப கிண்ணம் காஞ்சுபோம். உன்ரை ஸ்னோ புளோவரும் இதே இனந்தான், ஸ்னோ முடிய அப்பிடியே ஷெட்டுக்கை தள்ளிப்போடாதை.

இன்னொண்டு, எடுத்த பழைய பெற்றோலை அவ எறியவிடேல்லை. ரெண்டு போத்தலில அடைச்சு குசினி அலுமாரிக்குக் கீழ வைச்சிருக்கிறா. நான் சொல்லிக் கேக்கேல்லை, நீ ஞாயிற்றுக்கிழமை கதைக்கேக்கை ஒருக்காச் சொல்லு.

அன்புடன்,
உன்ரை பழைய வகுப்புக்காரன்