பழைய தொலைநோக்கியின் கண்ணை மூடுவதற்கு முன்: விண்வெளி முகமைகளின் நிதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதிக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

விண்ணில் இயங்கிக்கொண்டிருக்கும் தொலைநோக்கிகளில் எதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது, எதை எந்த ஆண்டோடு நிறுத்துவது என்று முடிவு செய்யும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. அந்த முடிவுக்கு ஒரு தொலைநோக்கியின் வயதை முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அது எந்த ஒளியைப் பார்க்கிறது, அது போன பிறகு அந்த ஒளியைப் பார்க்க வேறு எந்தக் கருவி இருக்கிறது என்ற கேள்வியே முதலில் வர வேண்டும்.

2024 மார்ச்சில் வெளியான நாசாவின் 2025 நிதியாண்டுத் திட்டத்தில், சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கான தொகை சுமார் 68 மில்லியன் டாலரிலிருந்து சுமார் 41 மில்லியன் டாலராகக் குறைக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டுகளில் அது மேலும் குறையும் என்றும் காட்டப்பட்டிருந்தது. வானியலாளர்கள் உரக்க எதிர்த்தார்கள். அந்த வெட்டு அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. கலத்தின் பாகங்கள் தேய்ந்துவருகின்றன, வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்கக் கூடுதல் உழைப்பு தேவைப்படுகிறது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அது உண்மைதான். வெப்பக்காப்பு உறை நலிந்துபோன ஒரு கலத்தை எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் திருப்பி வைக்கலாம் என்று கணக்கிட்டே அதன் ஒவ்வொரு வாரத்தையும் திட்டமிட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்களின் சம்பளத்தில்தான் முதலில் கை வைக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சந்திரா 1999 ஜூலையில் ஏவப்பட்டது. எக்ஸ் கதிர் சாதாரணக் கண்ணாடியில் நேராக விழுந்தால் பிரதிபலிக்காது. மிகச் சாய்வாக, தண்ணீர்ப் பரப்பில் எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்திப் போவதுபோலப் பட்டால்தான் திரும்பும். அதற்காக ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு இணை குழல்வடிவ ஆடிகளைச் செய்து, அணு அளவுக்கு வழவழப்பாக மெருகேற்றி வைத்தார்கள். அதனால் அரை வில்விநாடி, அதாவது ஒரு பாகையின் 7,200இல் ஒரு பங்கு, அளவுக்கு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. அந்தக் கூர்மையை எட்டிய வேறொரு எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி இன்றுவரை ஏவப்படவில்லை. 2023இல் ஏவப்பட்ட கிரிஸ்ம் என்ற தொலைநோக்கி எக்ஸ் கதிர்களின் ஆற்றலை நுட்பமாகப் பகுத்தறியும். கூர்மையான படம் எடுப்பது அதன் வேலை அன்று.

இந்தக் கூர்மையால் என்ன பயன் என்று கேட்டால், யுஎச்இசட்1 என்ற பேரடையை, அதாவது பெரும் விண்மீன் திரளை, சொல்வேன். ஏபெல் 2744 என்னும் பேரடைக் கொத்து, தன் ஈர்ப்பால் பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துப் பெருக்கிக் காட்டுகிறது. அதன் வழியே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் மிகத் தொலைவிலுள்ள யுஎச்இசட்1ஐக் கண்டது. அங்கிருந்து வரும் ஒளி, பேரண்டம் தோன்றி ஏறக்குறைய 47 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தபோது புறப்பட்டது. ஆனால் அதன் நடுவில் வளர்ந்துகொண்டிருக்கும் கருந்துளை இருக்கிறது என்பதற்கான சான்று, சந்திரா மொத்தம் இரண்டு வாரங்கள் உற்றுப் பார்த்துச் சேர்த்த சில எக்ஸ் கதிர்த் துகள்களிலிருந்தே வந்தது. கருந்துளையின் நிறை அந்தப் பேரடையின் விண்மீன்கள் அனைத்தின் நிறையோடு ஒப்பிடத்தக்கது என்ற முடிவு 2023 நவம்பரில் வெளியானது. தொடக்கக் காலக் கருந்துளைகள் பெரும் வாயு மேகங்கள் நேராகச் சரிந்து உருவாகியிருக்கலாம் என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது. சுமார் 1000 கோடி டாலர் செலவில் உருவான புதிய தொலைநோக்கியின் கண்டுபிடிப்புக்கு, அப்போது 24 வயதாகியிருந்த கருவி பொருள் கொடுத்தது. கண் இருக்கிறதே என்று யாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை.

வயதான தொலைநோக்கி பழைய வேலையையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும் என்ற எண்ணமும் தவறு. 2003இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கியைக் குளிர்விக்கும் ஹீலியம் 2009 மே மாதத்தில் தீர்ந்தது. அகச்சிவப்புத் தொலைநோக்கி குளிர்ச்சியை இழந்தால் அதன் கதை முடிந்தது என்றே கருதத் தோன்றும். அதன் கருவிகளில் இரண்டு குறுகிய அலைநீளப் பட்டைகள் மட்டுமே மிஞ்சின. அந்த மிச்சத்தை வைத்து 2016இல் சுமார் 500 மணி நேரம் டிராப்பிஸ்ட்-1 என்ற மங்கலான சிவப்பு விண்மீனைக் கவனித்தார்கள். நம்மிடமிருந்து 40 ஒளியாண்டுகள் தொலைவிலுள்ள அதைப் பூமியை ஒத்த அளவுள்ள ஏழு கோள்கள் சுற்றிவருகின்றன என்பது 2017 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. இன்று ஜேம்ஸ் வெப் அந்தக் கோள்களுக்கு வளிமண்டலம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துவருகிறது. கோள்களைத் தேட அனுப்பிய கெப்ளர் தொலைநோக்கியின் கதையும் ஏறத்தாழ இதுதான்: 2013க்குள் நான்கு நிலைப்படுத்தும் சக்கரங்களில் இரண்டு பழுதாகிவிட, சூரிய ஒளியின் அழுத்தத்தையே மூன்றாவது சக்கரம்போலப் பயன்படுத்தி, 2018இல் எரிபொருள் தீரும்வரை அதைக்கொண்டு கோள்களைத் தேடினார்கள்.

டிராப்பிஸ்ட்-1 போன்ற சிவப்புக் குறுவிண்மீன்கள் அடிக்கடி சீறிப் புற ஊதாக் கதிர்களையும் எக்ஸ் கதிர்களையும் வாரி இறைப்பவை. அந்தக் கதிர்வீச்சு பக்கத்திலுள்ள கோளின் காற்றை மெல்ல மெல்ல அரித்துவிடக்கூடும். ஆகவே ஒரு கோளில் ஜேம்ஸ் வெப் காற்றைக் காணவில்லை என்றால், ஏன் காணவில்லை என்று விளக்க அந்த விண்மீனின் புற ஊதா, எக்ஸ் கதிர் அளவுகள் வேண்டும். அந்த இரண்டையும் ஜேம்ஸ் வெப் பார்ப்பதில்லை. தரையிலிருந்தும் பார்க்க முடியாது, நம் வளிமண்டலம் தடுத்துவிடும். புற ஊதாவுக்கு இன்று நாம் பெரிதும் நம்பியிருப்பது 1990இல் ஏவப்பட்ட ஹப்பிளைத்தான். அதன் இடத்தை நிரப்பத் திட்டமிடப்பட்டிருக்கும் பெரிய தொலைநோக்கி 2040களில்தான் வரும்.

ஹப்பிளையும் ஒருமுறை கைவிடவிருந்தார்கள். கொலம்பியா விண்கல விபத்துக்குப் பின், கடைசிப் பழுதுபார்ப்புப் பயணம் 2004 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது. விண்வெளி வீரர்களின் பாதுகாப்பு பற்றிய அந்தக் கவலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் 2006இல் முடிவு மாற்றப்பட்டு, 2009 மே மாதத்தில் வீரர்கள் சென்று ஒளியைப் பிரித்து ஆராயும் புதிய புற ஊதா நிறமாலைமானியையும் புதிய அகலப்புலக் கேமராவையும் பொருத்தினார்கள். புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2019 ஜனவரி முதல் நாளில் சென்று பார்த்த அரோகோத் என்ற சிறு பொருளை 2014இல் ஹப்பிள்தான் தேடிக் கண்டுபிடித்தது.

வானம் நம் நிதியாண்டைப் பார்த்து நடப்பதில்லை என்பதும் உங்கள் கணக்கில் வர வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பு அலை பூமியை எட்டியது, 1.7 விநாடிகளுக்குப் பின் அங்கிருந்து வந்த காமாக் கதிர் வெடிப்பை ஃபெர்மி என்ற காமாக் கதிர்த் தொலைநோக்கி பதிவு செய்தது. ஒன்பது நாள் கழித்து சந்திரா அங்கே எக்ஸ் கதிரைக் கண்டது. அந்த வாரம் அது அணைத்துவைக்கப்பட்டிருந்தால் அந்த அளவீட்டைப் பின்னாளில் எந்தப் பணத்தாலும் வாங்கியிருக்க முடியாது.

பணம் அளவுடையது என்பதை அறிவேன். எல்லாத் தொலைநோக்கிகளையும் என்றென்றும் இயக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. விண்மீன்களின் இடங்களை அளந்த கையா தொலைநோக்கி தன் நிலைப்படுத்தும் வாயு தீரும் தருவாயில் 2025 ஜனவரியில் நோக்குவதை நிறுத்தியது. அதன் தரவுகள் இன்னும் பல ஆண்டுகளுக்கு ஆய்வாளர்களுக்கு வேலை தரும். அப்படிப்பட்ட முடிவில் யாருக்கும் வருத்தம் இருக்காது. நன்றாக இயங்கும் கருவியை, அதற்கு மாற்றே இல்லாத நிலையில், கணக்குப் புத்தகத்தின் ஒரு வரியைச் சரிசெய்வதற்காக நிறுத்துவதே எனக்கு உறுத்துகிறது.

ஆகவே நிறுத்தத் திட்டமிடும் ஒவ்வொரு தொலைநோக்கிக்கும், அதன் அலைநீளத்தில் எத்தனை ஆண்டு இடைவெளி விழும் என்ற எண்ணை உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஒதுக்கீட்டைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே ஆண்டில் வெட்டாமல் படிப்படியாகக் குறையுங்கள். கலத்தின் குணம் அறிந்த பொறியாளர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால், அடுத்த ஆண்டு பணம் திரும்பக் கிடைத்தாலும் அந்த அனுபவம் திரும்பாது. அணைப்பதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, அந்தக் கருவியால் மட்டுமே செய்யக்கூடிய கடைசி நோக்கல்கள் எவை என்று ஆய்வாளர்களிடம் பட்டியல் கேட்டு, அவற்றை முடித்த பின்னரே கட்டளையை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வானியலைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு பொதுவாசகர்