நாஷ்வில் கன்ட்ரி இசை ரசிகர் வட்டம்: 2025 ஆண்டறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் கூட்டம் வழக்கம்போல் நடந்தது. ஜூலை பிக்னிக் மழையால் பாதியில் கலைந்தது. நவம்பரில் கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சிக்கு நூறு வயது நிறைந்ததையொட்டி ஏழு பேர் கூடி, அதை ஒலிபரப்பும் டபிள்யூ.எஸ்.எம். வானொலி கேட்டோம்.

செப்டம்பரில் நடத்திய பெடல் ஸ்டீல் கிட்டார் இசை மாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "ஒரு கலைஞருக்கு இவ்வளவு தொகையா?" என்று செயற்குழுவில் கேட்டார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. வந்தவர் நம் நாஷ்வில் பிராட்வே தெருவில் பல வருடமாக வாசிப்பவர். பத்துத் தந்திகள்; இடது கையில் எஃகு உருளை; கீழே மிதிகள், முழங்காலுக்கு நெம்புகோல்கள். மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டிவிட்டு ஒரு மிதியை மெல்ல அழுத்தினார். இரண்டு சுரம் அப்படியே நிற்க, ஒன்று மட்டும் வழுக்கி மேலே போய் உட்கார்ந்தது. முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், "இது நம்ம கர்நாடக சங்கீத ஜாரு மாதிரியே இருக்கே!" என்றார். கொடுத்த பணம் அந்த நிமிடத்துக்கே சரியாகிவிட்டது.

இந்த ஒலி இன்று வானொலியில் அரிது. அமெரிக்காவின் 1996 தொலைத்தொடர்புச் சட்டம் நாடு முழுக்க ஒரே நிறுவனம் எத்தனை நிலையம் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் வாங்கிக் குவித்தன. 2012இல் பில்போர்டு இசை இதழ் தன் கன்ட்ரி பாடல் பட்டியலுக்குப் பாப் நிலையங்களின் ஒலிபரப்பையும் கணக்கில் எடுத்தது. அப்புறம் ஸ்டீலும் ஃபிடிலும் (வயலின்) இல்லாத பாடலுக்கே ஏறுமுகம். கன்ட்ரி பாடகர் எர்னஸ்ட் டப் 1947இல் தொடங்கிய இசைத்தட்டுக் கடையும் 2022இல் மூடப்பட்டது. பாரம்பரிய கன்ட்ரி ஆல்பத்துக்குத் தனி விருது என்று கிராமி இவ்வாண்டு அறிவித்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் விருது மட்டும் போதாது, நேரில் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும்.

அன்று வந்தவர்கள் பன்னிரண்டு பேர். நம் உறுப்பினர்கள் 31. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களுக்காகப் போட்ட நாற்காலிகளை நானே மடக்கி வைத்தேன். 40 டாலர் சந்தாவைக் கட்டியவர்களும் 14 பேர்தான். மூன்று முறை நினைவூட்டினேன். கஷ்டம் இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வேன். பதிலே இல்லாததுதான் மனதை வருத்துகிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். சிறு பற்றாக்குறையைச் சிலர் கைப்பணம் போட்டுச் சரிக்கட்டினோம். விவரம் பொருளாளரிடம் உள்ளது.

இடம் தந்த நூலகத்தாருக்கும், காபி, சுண்டல் கொண்டுவந்த குடும்பங்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

அதே கலைஞர் ஏப்ரலில் மறுபடி வரச் சம்மதித்திருக்கிறார், இம்முறை ஃபிடில் வாசிப்பவர் ஒருவரோடு. பிப்ரவரி முடிவதற்குள் முன்பணம் கேட்கிறார். பிப்ரவரி முதல் ஞாயிறு கூடும்போது சந்தா கைக்கு வந்தால் அன்றே அவரிடம் தேதியை உறுதி செய்துவிடுவேன்.

செயலாளர்