டப்பாவில் ஒரு கடைவாய்ப்பல்

தருமபுரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள கயலுக்கு,

இங்கே இருவரும் நலம். முறுக்கை இடப்பக்கமாகவே கடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

"அல்ட்ராசவுண்டில் பல் சொத்தை ஒன்றும் பிடிபடவில்லை அப்பா, ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடட்டுமா" என்று அழாத குறையாகக் கேட்டாய். அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து பழைய நோட்டில் கணக்குப் போட்டேன். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு வேறென்ன தெரியும்?

பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் ஒலி நொடிக்குச் சுமார் 6,000 மீட்டர் ஓடுகிறது. உன் கருவியின் அதிர்வெண் 15 மெகாஹெர்ட்ஸ். வகுத்துப் பார், அலைநீளம் 0.4 மில்லிமீட்டர். நீ தேடுவதோ அதில் பாதிகூட இல்லாத தொடக்கச் சொத்தை. அவ்வளவு நீள அலைக்கு இவ்வளவு சின்னது தெரியாது. கோணி ஊசியால் பட்டுப்புடவைக்குத் தையல் போட முடியுமா? 1963இல் ஆய்வாளர் கில்பர்ட் பாமும் கூட்டாளிகளும் அல்ட்ராசவுண்டால் பல்லுக்குள் பார்க்க முயன்றதும் இதே 15இல்தான். நீ 50க்குப் போ, அலைநீளம் 0.12 ஆகிவிடும். அதிர்வெண் கூடினால் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடுமே என்பாய். வயிற்றுக்குள்ளா பார்க்கிறாய்? எனாமல் தடித்த இடத்திலேயே இரண்டரை மில்லிமீட்டர்தான். கருவிக்கும் பல்லுக்கும் இடையில் பூசும் ஜெல்லையும் கவனி. நடுவே இழையளவு காற்று நின்றாலும் ஒலி பல்லுக்குள் நுழையாமல் அங்கேயே திரும்பிவிடும்.

என் பல் இரண்டு பற்கள் ஒட்டும் இடுக்கில்தான் கெட ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் தெரியவே அந்த இடத்துக் கனிமத்தில் முப்பது, நாற்பது சதவீதம் கரைந்திருக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். எனக்குப் படம் எடுத்தபோது சொத்தை நரம்பைத் தொட்டிருந்தது. சொத்தை தொடங்கும் வெண்புள்ளியாக இருந்தபோதே பிடித்திருந்தால் புளோரைடு பூச்சோடு நின்றிருக்கலாம். அந்தக் கோபத்தில்தான் இந்தத் தலைப்பை எடுத்தாய். எனக்குத் தெரியாதென்று நினைக்காதே.

ஒரு சந்தேகம். நம் பக்கத்துத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புளோரைடு மிகுந்தே பல்லில் வெண்திட்டு விழுகிறது. அதையும் சொத்தையின் வெண்புள்ளியையும் உன் எதிரொலி பிரித்துச் சொல்லுமா? அந்த இடுக்குக்குள் கருவியை எப்படி நுழைப்பாய்? உன் வழிகாட்டியிடம் கேட்டு எழுது.

பிடுங்கிய பல்லை நான் எறியவில்லை. காயவிடக் கூடாது என்றாயே, மூடி போட்ட டப்பாவில் சலைன் உப்புநீரில் கிடக்கிறது. ஊறுகாய் அலமாரியில் வைத்திருந்தேன். அம்மா இரண்டு முறை அதைத் திண்ணைக்குக் கடத்திவிட்டாள். தீபாவளிக்கு வரும்போது எடுத்துப் போ.

அன்புடன்,
அப்பா